அண்டை வீடும் வாழ்ந்தால்தான் பரிசு!
ரேடியோக்களுக்கு அமெரிக்கா வைத்த அதிசயப் பந்தயம்

ஓர் ஓட்டப் பந்தயம். ஐந்து பேர் ஓடுகிறார்கள். "கடைசியில் வருகிறவன் எவ்வளவு தூரம் ஓடினானோ, அவ்வளவு மார்க்குதான் எல்லோருக்கும்" என்கிறார் நடுவர்!

இப்படியும் ஒரு பந்தயம் உண்டா?

உண்டு. அமெரிக்காவில் நடந்தது. ஓடியவர்கள் மனிதர்கள் அல்ல. ரேடியோக்கள்!

2016-ஆம் ஆண்டில் தொடங்கி 2019-ஆம் ஆண்டு வரை அந்தப் போட்டி நடைபெற்றது. முதல் பரிசு 20 லட்சம் டாலர். போட்டியை நடத்தியது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி நிறுவனமான "தார்ப்பா". இன்று உலகமே பயன்படுத்தும் இண்டர்நெட்டுக்கு 1969-ஆம் ஆண்டில் வித்திட்டதும் இதே நிறுவனம்தான்.

ராணுவத்துக்கு ஏன் இந்த விளையாட்டு? இதில் நமக்கு என்ன லாபம்? பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத நெரிசல்

ரேடியோ என்றதும் பாட்டுக் கேட்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனும் ஒரு ரேடியோதான். வீட்டில் இண்டர்நெட் தரும் வைபை பெட்டியும் ரேடியோதான். போலீஸ் ஜீப்பிலும், ஆகாய விமானத்திலும், கப்பலிலும் ரேடியோ இருக்கிறது. மழை வருகிறதா என்று பார்க்கும் ரேடார் கருவி கூட, ரேடியோ அலைகளை அனுப்பித்தான் மேகத்தைக் கண்டுபிடிக்கிறது.

இத்தனை கருவிகளும் ஒரே காற்று வெளியில் பேசுகின்றன.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அலைவரிசை வேண்டும். அலைவரிசை என்பது ரோட்டில் ஒரு பாதையைப் போன்றது. ஒரே பாதையில் இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வந்தால் என்ன ஆகும்? இரண்டும் நின்றுவிடும். அதுபோல, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் இரண்டு ரேடியோக்கள் பேசினால், கேட்பவனுக்கு இரண்டும் புரியாது. வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

புதிதாக நிலம் உண்டாக்க முடியாது. புதிதாக அலைவரிசை உண்டாக்கவும் முடியாது. ஆனால் ரேடியோக்களோ நாளுக்கு நாள் பெருகுகின்றன. இதுதான் சிக்கல்.

கப்பல் கற்பித்த பாடம்

இந்தச் சிக்கல் இன்று நேற்று ஏற்பட்டது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெரிய விபரீதத்தின் நடுவே தலைகாட்டியது.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு. "டைட்டானிக்" கப்பல் அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. கப்பலின் ரேடியோ அறையில் பிலிப்ஸ் என்ற இளைஞர் வேலை பார்த்தார். பிரயாணிகள் கொடுத்த செய்திகளை, கரையில் கேப் ரேஸ் என்ற இடத்தில் இருந்த நிலையத்துக்கு அவர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது அருகில் இருந்த "கலிபோர்னியன்" என்ற கப்பல் குறுக்கிட்டது. "எங்களைச் சுற்றிலும் பனிக்கட்டி. நின்றுவிட்டோம்" என்பது அதன் செய்தி.

பக்கத்துக் கப்பல் அல்லவா? அதன் சத்தம் பிலிப்சின் காதைத் துளைத்தது. கேப் ரேசின் மெல்லிய குரல் அதில் அமுங்கிப் போயிற்று. "குறுக்கே பேசாதே, எனக்கு வேலை இருக்கிறது" என்று அவர் அதட்டினார். சிறிது நேரம் கழித்து, கலிபோர்னியன் ரேடியோக்காரர் கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இரவு 11-40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. பிலிப்ஸ் கடைசி வரை தம் இடத்தை விட்டு நகராமல், "காப்பாற்றுங்கள்" என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த கலிபோர்னியன் ரேடியோவில் அதைக் கேட்க ஆள் இல்லை. சுமார் 1,500 பேர் மாண்டனர். அவர்களில் பிலிப்சும் ஒருவர்.

அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அந்தக் காலத்து ரேடியோவின் குணம் அது. ஒன்று பேசினால் மற்றொன்று அமுங்கிவிடும். யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்பது கருவிக்கும் தெரியாது.

வேலி போட்ட நிலம்

அதே 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. லைசென்ஸ் இல்லாமல் ரேடியோவில் செய்தி அனுப்பக் கூடாது. கப்பல்களுக்கு ஒரு பகுதி, பொழுதுபோக்காக ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு பகுதி என்று அலைவரிசை பிரிக்கப்பட்டது.

பிறகு எல்லா நாடுகளும் இதே வழியைப் பின்பற்றின. ராணுவத்துக்கு ஒரு துண்டு, டெலிவிஷனுக்கு ஒரு துண்டு, செல்போன் கம்பெனிகளுக்கு ஒரு துண்டு என்று வேலி போட்டுக் கொடுத்தன. சண்டை குறைந்தது.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது.

ஒருவனுக்குப் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது. அவன் இரண்டு ஏக்கரில் மட்டும் பயிர் வைக்கிறான். மீதி தரிசாகக் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பவனுக்கோ கால் வைக்க இடம் இல்லை. "வேலியைத் தாண்டாதே" என்கிறது சட்டம். இது நியாயமா?

அலைவரிசையிலும் இதே கதைதான். கடற்படைக்கு ஒதுக்கிய அலைவரிசை, கப்பல் வராத நாட்களில் சும்மா கிடக்கும். ஓர் ஊரில் ஓயாமல் பயன்படும் அலைவரிசை, இன்னோர் ஊரில் நாள் முழுவதும் காலியாக இருக்கும். ஏட்டில் பார்த்தால் எல்லா இடமும் நிரம்பி வழிகிறது. காது கொடுத்துக் கேட்டால் பல இடங்களில் நிசப்தம்!

அறிவுள்ள ரேடியோ

"வேலிக்குப் பதிலாக, ரேடியோவுக்கே கொஞ்சம் புத்தி கொடுத்தால் என்ன?" என்று சில விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கர். 1999-ஆம் ஆண்டில், இன்னொரு விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். சுற்றுப்புறத்தை அறிந்து, அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ரேடியோவைப் பற்றிய கட்டுரை அது. "அறிவுள்ள ரேடியோ" என்று அதற்குப் பெயர் சொல்லலாம்.

அது எப்படி வேலை செய்யும்?

பழைய ரேடியோ, ஒரே பாட்டு மட்டும் பாடும் பொம்மை போன்றது. செய்யும்போதே அதன் அலைவரிசை முடிவாகிவிடும். புது ரேடியோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கட்டளையை மாற்றினால் ரேடியோவின் குணமே மாறிவிடும்.

இந்த ரேடியோ பேசுவதற்கு முன்பு கேட்கும். "இங்கே யாராவது பேசுகிறார்களா?" என்று பார்க்கும். காலி இடம் இருந்தால் அங்கே பேசும். இடத்துக்கு உரியவன் வந்துவிட்டால், உடனே விலகி வேறு இடம் தேடும்.

புத்தி மட்டும் போதுமா?

போதாது! இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

ரெயிலில் ஒரு ஸீட் காலி. பத்துப் பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். பத்துப் பேரும் கெட்டிக்காரர்கள். என்ன நடக்கும்? பத்துப் பேரும் ஒரே சமயத்தில் பாய்வார்கள்!

ரேடியோக்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் காரியத்தில் மட்டும் கெட்டிக்காரத்தனமாக இருந்தால், காலி இடத்தில் எல்லாம் போய் மோதும். பலமுள்ளது குரலை உயர்த்தும். மற்றவையும் உயர்த்தும். கடைசியில் பழைய இரைச்சல்தான்.

ஆகவே, ரேடியோக்களுக்கு வேண்டியது புத்தி மட்டும் அல்ல. ஒத்துப் போகும் குணமும் வேண்டும். அதைச் சோதிக்கத்தான் அந்த 20 லட்சம் டாலர் பந்தயம்.

256 ரேடியோக்களின் மைதானம்

பந்தயத்துக்காக மேரிலாந்து மாநிலத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு மைதானம் அமைத்தார்கள். அதற்கு "கொலோசியம்" என்று பெயர். ரோமாபுரியில் வீரர்கள் மோதிய பழைய மைதானத்தின் பெயர்தான்.

ஆனால் இங்கே மண்ணும் இல்லை, புல்லும் இல்லை. அலமாரி அலமாரியாகக் கருவிகள். மொத்தம் 256 ரேடியோக்கள். இவற்றுக்கு நடுவே இருந்த கம்ப்யூட்டர்கள், ஒரு நகரம் இருப்பதைப் போன்ற பாவனையை உண்டாக்கின. "இந்த ரேடியோ இப்போது கட்டிடத்துக்குப் பின்னால் போகிறது, அந்த ரேடியோ தூரத்தில் இருக்கிறது" என்றெல்லாம் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்றபடி அலைகளைக் கூட்டிக் குறைத்தன. ரேடியோக்கள் அலமாரியிலேயே இருந்தன. ஆனால் ஊர் சுற்றுவதாக நினைத்துக்கொண்டன!

ஓர் ஆட்டத்தில், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரச் சந்துகளில் வீரர்கள் நடந்து போனார்கள். மற்றோர் ஆட்டத்தில் காட்டுத் தீ பரவியது. தீயை அணைப்பவர்களுக்குச் செய்தி போக வேண்டும். எல்லாம் பாவனைதான். ஆனால் ரேடியோக்களுக்கு அது நிஜம்.

பல கோஷ்டிகளின் ரேடியோக்கள் ஒரே நேரத்தில் மைதானத்தில் இறங்கின. ஒரு கோஷ்டியின் ரகசியம் இன்னொரு கோஷ்டிக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் மனிதர்கள் கை வைக்கக் கூடாது. மேலே நின்று உத்தரவு போடும் தலைவனும் கிடையாது.

ஒரே ஒரு வசதி கொடுத்தார்கள். எல்லா ரேடியோக்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி! "நான் இங்கே இருக்கிறேன். இந்த அலைவரிசையில் பேசுகிறேன். என் வேலை இவ்வளவு முடிந்திருக்கிறது" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளலாம்.

விசித்திரமான மார்க்கு

இனி, முதலில் சொன்ன அதிசய விதிக்கு வருவோம்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குறைந்த அளவு வைத்தார்கள். களத்தில் இருக்கும் எல்லாக் கோஷ்டிகளும் அந்த அளவை எட்ட வேண்டும். ஒரு கோஷ்டி எட்டவில்லை என்றாலும், அந்தக் கோஷ்டியின் மார்க்குதான் எல்லோருக்கும்! எல்லோரும் அளவை எட்டிய பிறகுதான் அவரவர் கெட்டிக்காரத்தனத்துக்கு மார்க்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். குறைந்த அளவு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோஷ்டி 90 எடுக்கிறது. மற்றவை 80, 70, 60. ஐந்தாவது கோஷ்டி 10 தான். உடனே 90 எடுத்தவனுக்கும் 10 தான்!

90 எடுத்தவன் என்ன செய்வான்? "ஐயோ, அவனைத் தூக்கிவிட்டால்தான் நான் பிழைப்பேன்" என்று தன் இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். குரலைத் தாழ்த்துவான். "நீ பேசி முடி, பிறகு நான் பேசுகிறேன்" என்று காத்திருப்பான். தன் மார்க்கு 90-லிருந்து 75 ஆகக் குறைந்தாலும் அவனுக்கு லாபம்தான். 10-க்குப் பதில் 75 அல்லவா?

யாரும் ரேடியோவுக்கு நீதி போதனை செய்யவில்லை. தியாகம் செய்யச் சொல்லவும் இல்லை. அண்டை வீட்டான் நஷ்டம் தன் நஷ்டம் ஆகும்படி விதியை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

முதலைக்கு வெற்றி

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறுதிப் போட்டி நடந்தது.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் கோஷ்டி வெற்றி பெற்று, 20 லட்சம் டாலரைத் தட்டிக்கொண்டு போயிற்று. அந்தக் கோஷ்டியின் பெயர் "கேட்டர் விங்ஸ்", அதாவது "முதலைச் சிறகுகள்"! அந்தப் பல்கலைக்கழகத்து விளையாட்டு வீரர்களுக்கு "முதலைகள்" என்று பெயர். அதனால் இந்தப் பட்டம்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கோஷ்டி 10 லட்சம் டாலர் பெற்று இரண்டாவதாக வந்தது. மூன்றாவது பரிசு 7½ லட்சம் டாலர்.

மைதானமும் வீணாகவில்லை. கொலோசியம் பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது பயன்படுகிறது.

கடற்படையும் பள்ளிக்கூடமும்

போட்டியில் நடுவர் இருந்தார். பரிசு இருந்தது. ஊருக்குள் யார் நடுவர்?

இதற்கும் அமெரிக்கா ஒரு வழி செய்து பார்த்திருக்கிறது. 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசையில் அந்நாட்டுக் கடற்படையின் ரேடார்கள் இயங்குகின்றன. கப்பல் கடலோரம் வந்தால்தான் அங்கே அலை இருக்கும். மற்ற நேரத்தில் காலி.

அதை மற்றவர்களும் பயன்படுத்த, அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் 2015-ஆம் ஆண்டில் விதி வகுத்தது. மூன்று படிகள்:

முதல் படியில் கடற்படை. அதற்குத்தான் முதல் உரிமை.

இரண்டாவது படியில் பணம் கட்டி ஏலத்தில் எடுத்தவர்கள். 2020-ஆம் ஆண்டு ஏலத்தில் இது சுமார் 458 கோடி டாலருக்குப் போயிற்று.

மூன்றாவது படியில் பொதுமக்கள். ஏலப் பணம் கிடையாது. காலியாக இருந்தால் பயன்படுத்தலாம். மேல் படிக்காரன் வந்தால் விலக வேண்டும்.

நடுவில் ஒரு கம்ப்யூட்டர் கணக்குப்பிள்ளை போல இருந்து, இடம் பிரித்துக் கொடுக்கிறது. கடலோரத்தில் வைத்த கருவிகள் ரேடார் அலையைக் கேட்டதும் அதற்குத் தகவல் சொல்லும். 300 வினாடிக்குள், அதாவது ஐந்து நிமிஷத்துக்குள், அது மற்றவர்களை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

இதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? யூட்டா மாநிலத்தில் மர்ரே என்ற ஊர் இருக்கிறது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம் இண்டர்நெட்டில் நடந்தது. வீட்டில் இண்டர்நெட் இல்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஊர்ப் பள்ளி நிர்வாகம் இந்த அலைவரிசையைக் கொண்டு மாணவர்களுக்காகத் தனியாக ஓர் அமைப்பை உண்டாக்கியது. போர்க் கப்பலுக்கு ஒதுக்கிய அலையில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்!

ஏமாற்றியவர்களும் உண்டு

எல்லாம் இப்படிச் சுமுகமாக நடந்துவிடவில்லை.

மேலே சொன்ன கணக்குப்பிள்ளை இல்லாத அலைவரிசைகளும் இருக்கின்றன. வைபை கருவிகள் பயன்படுத்தும் ஓர் அலைவரிசையில், விமான நிலையங்களின் வானிலை ரேடார்களும் வேலை செய்கின்றன. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் திடீரென்று வீசும் ஆபத்தான காற்றை அந்த ரேடார்கள் காட்டும். "ரேடார் அலை கேட்டால் நீயாக விலகிக்கொள்" என்பது வைபை கருவிகளுக்கு விதி.

2009-ஆம் ஆண்டில், போர்ட்டோ ரிக்கோ தீவில் சான் யுவான் நகர விமான நிலைய ரேடாரில் குழப்பம் ஏற்பட்டது. விசாரித்தார்கள். இண்டர்நெட் வியாபாரம் செய்த சிலருடைய கருவிகள் விலகாமல் அங்கேயே பேசிக்கொண்டிருந்தன. கேட்டு விலகும் ஏற்பாடு சிலவற்றில் சரியாக வேலை செய்யவே இல்லை. கமிஷன் அபராதம் விதித்தது.

அபராதம் யார் யாருக்கு என்பது பெரிதல்ல. கவனிக்க வேண்டியது வேறு. விலகிக்கொண்டால் வியாபாரிக்கு நஷ்டம். விலகாவிட்டால் விமானப் பிரயாணிக்கு ஆபத்து. நஷ்டம் ஒருவனுக்கும் ஆபத்து இன்னொருவனுக்கும் என்று பிரிந்திருந்தால், எவ்வளவு அறிவுள்ள ரேடியோவும் பயன்படாது.

ஏலமா, பங்கா?

இப்போது அமெரிக்காவில் இதுதான் விவாதம்.

அலைவரிசையை ஏலம் விட்டால் அரசாங்கத்துக்குப் பணம் குவியும். ஏலம் விடும் அதிகாரம் 2023-ஆம் ஆண்டில் காலாவதியாகி இருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நிறைவேறிய சட்டம் அதை மீண்டும் கொடுத்தது. ஏலம் விடுவதற்காக 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

ராணுவத்தின் சில அலைவரிசைகளுக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. கடற்படையும் பள்ளிக்கூடமும் பங்கு போட்டுக்கொள்ளும் அலைவரிசைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "நாளை எங்கள் இடமும் ஏலத்துக்குப் போய்விடுமோ?" என்று அதைப் பயன்படுத்துவோர் கவலைப்படுகிறார்கள்.

பெரிய கம்பெனிகளின் வாதத்திலும் நியாயம் உண்டு. கோடி கோடியாகப் பணம் போட்டுக் கோபுரம் கட்டுகிறவன், "நாளைக்கும் இந்த இடம் எனக்கு உண்டா?" என்று கேட்பது இயற்கை. கூட்டு நிலத்தில் மாடி வீடு கட்ட யார் துணிவார்கள்?

ஆனால் மொத்த இடத்தையும் வேலி போட்டுக் கொடுத்துவிட்டால், ஏலத்தில் பணம் கட்ட முடியாத பள்ளிக்கூடத்துக்கும் சிற்றூருக்கும் மிஞ்சுவது என்ன? வேலிக்கு வெளியே நிற்பதுதான்.

ரேடியோக்களுக்கு ஒத்துப் போகத் தெரியும் என்பது 2019-ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பொது மொழி கொடுத்தார்கள், பேசிக்கொண்டன. விதி கொடுத்தார்கள், விட்டுக்கொடுத்தன. அந்த விதியை ஊருக்கும் போட வேண்டியது மனிதர்கள்தான். கடைசியில் நிற்பவனின் மார்க்கும் தங்கள் கணக்கில் சேரும் என்றால், பெரியவர்களின் ரேடியோக்கள் தாமாகவே குரலைத் தாழ்த்தும். அந்தக் கணக்கு இல்லை என்றால், அபராதம் போடுகிறவன் ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.